பொரளையின் காற்றையும் அளந்து சொல்லுங்கள்

2022 டிசம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற வேளை, இந்தியாவிலிருந்து வீசிய காற்று மாசையும் சுமந்து வந்தது. கருவிகள் அதை அளந்து காட்டியதால்தான் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள், தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் ஆழம்வரை போய் இரத்தத்திலும் கலக்கும். ஒரு நாள் சராசரி, கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமமோ 50 வரை அனுமதிக்கிறது. ஆகவே 40 பதிவாகும் நாள் சட்டத்துக்கு நல்ல நாள்; நம் சுவாசப்பைக்கு அல்ல.

கொழும்பு முழுவதற்கும் ஒரே இலக்கம் சொல்வதும் போதாது. வெள்ளவத்தைக்குக் கடற்காற்று உண்டு. பொரளைச் சந்தியிலோ நாள் முழுக்க பஸ் புகைதான். அதற்கு அருகிலேயே சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. மூச்சிழுப்போடு பிள்ளையைத் தூக்கிவரும் தாய்க்கு, அந்த வீதியின் காற்று எப்படி என்று தெரிய வேண்டாமா?

அளந்தால் மட்டும் காற்று சுத்தமாகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியும் நோயை மாற்றுவதில்லை. அதற்காக அதை யாரும் வீசிவிடுவதில்லையே!

வைத்தியசாலை, பாடசாலை வாசல்களில் கருவிகள் பொருத்தி, அன்றன்றைய அளவை மும்மொழியிலும் எழுதி வையுங்கள். பெற்றோரே, அதுவரை காத்திருக்காமல், வாசலில் நிற்கும் பாடசாலை வேனின் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.