மோர் கேட்டவள் சூனியக்காரி!

"ஊரே ஒருமுகமாய்ச் சொல்லுகிறதே, அது பொய்யாயிருக்குமா?" என்று நம்மைக் கேட்கும் பெரியவர்களுக்கு, இங்கிலாந்தில் 1751ஆம் வருஷம் நடந்த ஒரு பிரேத விசாரணையை எடுத்துக்காட்ட ஆசைப்படுகின்றோம்.

ஹெர்ட்ஃபோர்டு ஜில்லாவில் ட்ரிங் என்னும் ஊர்ப் பக்கம் ரூத் ஆஸ்பர்ன் என்ற ஏழைக் கிழவி இருந்தாள். அவள் பட்டர்ஃபீல்டு என்பவனிடம் போய்க் கொஞ்சம் மோர் கேட்டாள். அவன் இல்லையென்று விரட்ட, அவள் திட்டி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். பிறகு அவன் கன்றுகளுக்கு நோய் கண்டது. அவனுக்கும் வலிப்பு வந்தது. அவ்வளவுதான், மோர் கேட்டவள் சூனியக்காரி ஆகிவிட்டாள்! பசித்தவள் திட்டாமல் வாழ்த்துவாளா என்று ஒருவராவது யோசித்தார்களா?

ஏப்ரல் 22ந் தேதி அவளையும் அவள் புருஷனையும் தண்ணீரில் அமிழ்த்திப் பரீட்சை செய்யப்போவதாக மூன்று ஊர்ச் சந்தைகளில் தண்டோராப் போடப்பட்டது. அதிகாரிகள் அவர்களை ஏழைகள் விடுதியில் வைத்துப் பிறகு இரவில் மாதாகோவிலுக்குள் ஒளித்தார்கள். ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டம் விடுதியை உடைத்துத் தேடியது. உப்புப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்களாம்! சூனியக்காரி அதற்குள்ளும் அடங்குவாள் என்பது அவர்கள் சாஸ்திரம் போலும். ஊரைக் கொளுத்துவோமென்று மிரட்டவே, கிழவனும் கிழவியும் ஒப்படைக்கப்பட்டார்கள். லாங் மார்ஸ்டனில் கைப் பெருவிரலைக் கால் பெருவிரலோடு கட்டி, துணியில் சுற்றி, கயிற்றால் குளத்தில் இழுத்தார்கள். கிழவி செத்தாள்.

கொரோனர் வந்தார். ஜூரிகள் பிரேதத்தைப் பார்த்தார்கள். இது வேண்டுமென்றே செய்த கொலை என்று முடிவு சொன்னார்கள். ஹெர்ட்ஃபோர்டு கோர்ட்டில் சாட்சிகள் பிரமாணம் செய்து சொன்னது என்ன? தாமஸ் கோலி என்பவன் தடியால் அவளைத் தண்ணீருக்குள் தள்ளிப் புரட்டினான் என்பது. வேடிக்கை காட்டியதற்குக் கூலியாகக் கூட்டத்தில் காசு வசூலித்தான் என்பது. தண்ணீரும் சேறும் மூச்சை அடைத்தே அவள் செத்தாள் என்றார் வைத்தியர். தடியைக் கண்டவர்கள் உண்டு, சேற்றைக் கண்டவர் உண்டு. சூனியம் கன்றுக்குள் நுழைந்ததைக் கண்டவர் யார்? "நம்புகிறேன்" என்பது சந்தையில் செல்லும். சாட்சிக் கூண்டில் "கண்டேன்" என்பதல்லவா கேட்கப்படும்!

இத்தனைக்கும் சூனியத்தைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை ஒழித்த புதுச் சட்டம் 1736லேயே அமுலுக்கு வந்துவிட்டது. சட்டம் போனாலும் சரக்கு போகவில்லை. ஏன் போகும்? 1768லும், சூனியத்தைக் கைவிடுவது பைபிளைக் கைவிடுவதற்குச் சமானம் என்று ஜான் வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதினார். மெத்தப் படித்த பாதிரியார் கதி இதுவானால், குளக்கரையில் நின்ற பாமரனை மட்டும் நொந்து என்ன பயன்?

தண்டோராப் போடச் சொன்னவர், கயிறு பிடித்தவர், காசு போட்டவர் எல்லாம் தப்பினார்கள். தூக்கு மேடை ஏறியவன் கோலி ஒருவனே. 1751 ஆகஸ்ட் 24ந் தேதி சாகுமுன், சூனியக்காரி என்று உலகத்தில் யாருமில்லை என ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டான். அது அங்கேயே வாசிக்கப்பட்டது. வந்திருந்த ஜனங்களோ கிட்டே வராமல் தூரத்தில் நின்று, ஒரு பொல்லாத கிழவியைக் கொன்றதற்காக ஒரு மனிதனைத் தூக்கில் போடுவதா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.