கட்டுப்பாட்டு அறையின் திரையில் காசிமேடு தெரியுமா? 'வீடியோ மேட்ரிக்ஸ்' வேலை செய்வது எப்படி?

மழைக்காலம் வந்தாலே டிவியில் தவறாமல் வரும் காட்சி இது: ரிப்பன் மாளிகையில் உள்ள மாநகராட்சிக் கட்டுப்பாட்டு மையம், சுவரை அடைத்த திரைகள், முன்னால் நின்று பார்வையிடும் அமைச்சர்கள், அதிகாரிகள். சுரங்கப்பாதை கேமரா, மழை அளவு, வரைபடம் என ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம்.

இப்படிப்பட்ட அறைகளில் எந்தப் படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்பதைப் பிரித்து அனுப்ப ஒரு கருவி வேண்டும். அந்த வேலையைச் செய்வதில் முக்கியமானது வீடியோ மேட்ரிக்ஸ் ஸ்விட்சர்.

மேட்ரிக்ஸ் என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், படங்களுக்கான டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 16 படங்கள் உள்ளே வந்து 16 திரைகளுக்குப் போகும் பெட்டியில் 256 இணைப்புப் புள்ளிகள் இருக்கும். ஒரே படத்தை எல்லாத் திரைக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு திரைக்கும் வேறு வேறு படமும் அனுப்பலாம்.

'மாடுலர்' வகையில் என்ன லாபம்?

இதில் பெட்டி ஒன்று, செருகும் கார்டுகள் பல. கூடுதலாக கேமரா வந்தால் காலி இடத்தில் ஒரு கார்டு சேர்த்தால் போதும், பெட்டியையே மாற்ற வேண்டாம். கார்டு பழுதானால் பல மாடல்களில் மின்சாரத்தை நிறுத்தாமலே மாற்றிவிடலாம்.

தூரமும் ஒரு பிரச்சினை. சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிளில் 15 மீட்டர் தாண்டினாலே படம் தடுமாறும். நெட்வொர்க் கேபிள் வழியே அனுப்பும் கார்டு இருந்தால் 100 மீட்டர் வரை போகும். அதற்கு மேல் ஃபைபர்தான்.

பலவீனம் எங்கே?

எல்லாப் படமும் ஒரே பெட்டி வழியாகப் போகிறது. பெட்டி படுத்தால் சுவர் மொத்தமும் இருட்டு. அதனால்தான் இரண்டு பவர் சப்ளை கேட்கிறார்கள். பெட்டியே இல்லாமல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறையும் உண்டு. ஆனால் 4கே படத்துக்கு 18 ஜிகாபிட் வேகம் வரை தேவைப்படும். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும்.

வடசென்னைக்கு இதில் என்ன இருக்கிறது?

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' கப்பல்கள் மோதின. பெரிய கசிவு இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பிறகு எர்ணாவூர் கரையில் ஆட்கள் வாளியால் அள்ள வேண்டி வந்தது. அகற்றிய எண்ணெய்க் கழிவு 100 டன்னைத் தாண்டியது. காசிமேட்டில் மீன் விற்பனை சரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது.

துறைமுகத்துக்கு ஒரு திரை, கடலோரக் காவல்படைக்கு ஒரு திரை, மாநகராட்சிக்கு ஒரு திரை. மூன்று இடத்துப் படங்களையும் ஒரே சுவரில் கொண்டுவர இன்றைய கருவிகளால் முடியும். ஆனால் படத்தைப் பகிர்ந்துகொள்ள அந்தத் துறைகள் சம்மதிக்க வேண்டும். அதைச் செய்யும் கார்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

இன்னொன்று, உள்ளே வராத படத்தை மேட்ரிக்ஸால் காட்ட முடியாது. மிக்ஜாமின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போயின. அந்த நேரத்தில் கரையில் இருக்கும் கேமராவுக்கு பேட்டரியும் மாற்று இணைப்பும் இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த சுவரிலும் 'நோ சிக்னல்' என்றுதான் வரும்.

ஆகவே எத்தனை திரை வைத்தார்கள் என்பதைவிட, காசிமேட்டுப் படம் அதில் ஒரு கட்டத்தில் வருகிறதா, அதைப் பார்ப்பவர் யாரை உடனே கூப்பிட வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.