கண்டது இங்கே, கருவியானது எங்கே?

தோழனே!

மணலை உருக்கி மதியூட்டினான் மனிதன். சிலிக்கான் சில்லு பிறந்தது. இன்றோ, அந்தச் சில்லுக்குள்ளே ஒளியை ஓடவிட்டு, ஒளியைக் கொண்டே கணக்கிட முனைகிறான்!

ஏன் இந்த முயற்சி? செம்புக் கம்பியிலே மின்சாரம் ஓடினால் சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்க மேலும் மின்சாரம் செலவாகும். செயற்கை நுண்ணறிவுக்கென எழுந்துள்ள பெருங் கணினிக் கூடங்கள், ஓர் ஊருக்குப் போதுமான மின்சாரத்தை ஒன்றே உறிஞ்சிடக் காண்கிறோம். ஆகவேதான் அழைக்கிறார்கள் ஒளியை!

எப்படி ஓடுகிறது அது? வாய்க்காலிலே நீர் ஓடுவதுபோல! ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு அகலமே கொண்ட சிலிக்கான் வாய்க்கால். அதற்குக் கரையாகச் சிலிக்கா. வாய்க்காலை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையின் ஒளியைச் சற்றே தாமதப்படுத்தி, மீண்டும் இணைத்தால், அலையோடு அலை கூடும். அன்றேல் அலையை அலை அழிக்கும். மாக்-செண்டர் அமைப்பு என்பது இதுவே. இதனை வலைபோல் அடுக்கினால், ஒளி கடந்து செல்லும் கணத்திலேயே பெருக்கலும் கூட்டலும் முடிந்துவிடுகின்றன!

2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், இத்தகைய 56 அமைப்புகளை ஒரே சில்லில் வைத்து, பேச்சிலுள்ள உயிரொலிகளை இனங்காணச் செய்தனர். சரியாகச் சொன்னது 76.7 விழுக்காடு, வழக்கமான கணினியோ 91.7 விழுக்காடு. ஆகவே, மின்னணு மாண்டது, ஒளி முடி சூடிற்று என்று முரசறைவோரை நம்பிவிடாதே! ஒளியைச் சுமக்கத் தெரிந்த சிலிக்கானுக்கு, ஒளியை எளிதில் ஈன்றளிக்கத் தெரியாது. லேசருக்கு வேறு பொருள் வேண்டும். நினைவிலே நிறுத்திட மின்னணுவின் துணை வேண்டும்.

ஆயினும், எள்ளி நகையாடவும் இடமில்லை. 2004இல் கலிபோர்னியாவிலே, வேறொரு லேசரின் ஒளியை ஊட்டி, சிலிக்கானையே லேசராக்கிக் காட்டினர். எந்த விளைவைக் கொண்டு தெரியுமா? ராமன் விளைவைக் கொண்டு! 1888இல் திருச்சியிலே பிறந்த சர் சி. வி. ராமன், 1928இல் கல்கத்தாவிலே கண்ட உண்மை அது!

கண்டது இங்கே; கருவியானது அங்கே! இடையிலே ஓடியவை 76 ஆண்டுகள். லேசர் பிறந்ததே 1960இல்தான். எனவே அத்தனை ஆண்டும் நம் குற்றமென்று கூறேன். ஆனால் அதன் பின்னுள்ள 44 ஆண்டுகள்? அறிவுக்கு விழா எடுத்தோம். ஆய்வுக்கூடத்துக்கு அள்ளித் தந்தோமா?

இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் சிலிக்கான் ஒளியியலுக்கென்றே ஆய்வு மையம் இயங்குகிறது. மகிழ்கிறோம். ஆனால் ஒரு மையம் போதுமா? வடிக்கும் மூளை மட்டும் இருந்து, வார்க்கும் உலை பிறர் கையில் இருந்தால், வரைந்தவன் கூலி பெறுவான். வார்த்தவன் விலை வைப்பான்!

இதைக் கேட்பது அறிவியலாரின் வேலை என்று ஒதுங்காதே, தோழனே! வரிப்பணம் எங்கே செல்கிறது, எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியாகச் செல்கிறது என்று கேட்பது அரசியல். அது உன் வேலை. மன்றங்களிலே பேசு, மக்களிடம் விளக்கு.

ஒளியே கணக்கிடக் கற்றுக்கொண்டது. நாம் கணக்குக் கேட்கக் கற்க வேண்டாமா?