மீட்புப் படகுகளில் வயர்லெஸ் கருவிகளையும் ஆன்டெனாவையும் பாதுகாப்பாகப் பொருத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
படகோட்டிகள் மற்றும் வயர்லெஸ் பழுதுநீக்குவோர் சங்க நிர்வாகிகள்,
குற்றாலம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தென்காசி.

நகல்: மாவட்ட அலுவலர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, சுற்றுலா அலுவலர், மின்வாரியப் பொறியாளர்.

பொருள்: வெள்ள மீட்புப் படகுகளிலும் வெண்ணமடைக்குளம் படகு குழாமிலும் வயர்லெஸ் வசதி – பாதுகாப்பான பொருத்து முறை – வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடல் இல்லாத மாவட்டத்தில் படகுக்கு வயர்லெஸ் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழைதான் அதற்குப் பதில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நின்றுபோய், ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆட்களைக் காப்பாற்றினார்கள்.

அந்த வெள்ளத்தில் துடுப்புப் பிடிக்கப் போன எங்கள் உறுப்பினர்கள் சொன்னதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். செல்போனைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள்; டவர்தான் இல்லை. இருட்டில் ஒரு தெருவுக்குள் எதிர்நீரில் முக்கால் மணி நேரம் போராடிப் போய்ச் சேர்ந்தால், அந்த வீட்டு ஆட்களை வேறொரு படகு முன்பே ஏற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்பும் வழியில் வேறொரு மாடியில் டார்ச் வெளிச்சம் அசைந்தது. படகில் இடமில்லை. அங்கே ஆள் இருக்கிறது என்று அடுத்த படகுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. கரைக்கு வந்துதான் சொல்ல முடிந்தது.

நம் மாவட்டத்திலும் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அதே ஆண்டு டிசம்பரிலும் அருவிகளில் பெருவெள்ளம் வந்தது. மலையில் பெய்யும் மழை கீழே இறங்கிவர அதிக நேரம் எடுக்காது.

2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன் பிறகு கடல் படகுகளின் தகவல் தொடர்பில் அரசு கவனம் செலுத்தியது. 1 லட்சம் மீன்பிடி படகுகளில் டிரான்ஸ்பாண்டர் இலவசமாகப் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அதே அக்கறையை உள்நாட்டு நீரில் இறங்கும் படகுகளுக்கும் காட்ட வேண்டுகிறோம்.

கருவி வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடியாது. அதை எப்படிப் பொருத்துகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் வயர்லெஸ் செட்டைக் கழற்றி மாட்டும் தொழில் செய்கிறவர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

முதல் ஆபத்து மின்கம்பி. தெருவுக்கு மேலே 20 அடி உயரத்தில் போகும் கம்பி, 6 அடி வெள்ளம் நிற்கும்போது நீர்மட்டத்திலிருந்து 14 அடியில்தான் இருக்கும். கம்பம் சாய்ந்து கம்பி தொய்ந்த இடத்தில் 12 அடிகூட இருக்காது. படகில் 4 அடி உயரத்தில் ஒரு கிளாம்ப், அதில் 8 அடி ஆன்டெனா என்றால் நுனி கம்பியைத் தொட்டுவிடும். படகில் இருக்கிற அத்தனை பேரும் ஈர உடம்போடு இருப்பார்கள். ஆகவே மீட்புப் படகில் நிலையான நீள ஆன்டெனா கூடவே கூடாது. ஒரே கையால் மடக்கிப் படுக்க வைக்கும் குட்டை ஆன்டெனாதான் வேண்டும். படகு இறங்கும் தெருவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மின்வாரியம் உறுதிசெய்த பிறகே உள்ளே செல்ல உத்தரவு தர வேண்டும். வாய்க்கால், குளக்கரைகளைக் குறுக்கே கடக்கும் தாழ்வான கம்பிகளை மழைக்கு முன்பே கணக்கெடுத்து உயர்த்த வேண்டும். இந்த மனுவில் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் ஏற்க முடியும் என்றால் மின்கம்பி பற்றிய இந்தக் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேட்டரி இணைப்பு. 25 வாட் செட் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5, 6 ஆம்பியர் இழுக்கும். செட்டோடு வரும் வயர் எட்டாதபோது கையில் கிடைத்த மெல்லிய வயரை ஒட்டுப்போட்டு நீட்டிவிடுகிறார்கள். ஃப்யூஸ் செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குக் காவல் கிடையாது. வெளியூரில் ஒரு படகில் அப்படி இழுத்த வயர் உரசி ஷார்ட்டாகி, அதன் பிளாஸ்டிக் உறை உருகிப் பெட்ரோல் டேங்க்கின் மேல் சொட்டியதை எங்கள் உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்திருக்கிறார். வாடை அடித்ததும் அவர் பேட்டரி முனையைப் பிடுங்கியதால்தான் தப்பினார்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ், ஒட்டில்லாத தடித்த வயர், மூடியுள்ள பேட்டரிப் பெட்டி ஆகிய மூன்றும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

ரப்பர் படகில் ஆன்டெனா கிளாம்ப்பைக் காற்றுக் குழாயின் மேல் கட்டக் கூடாது. எஞ்சின் மாட்டும் பின்பலகையில்தான் பொருத்த வேண்டும், கூர்முனை வெளியே தெரியக் கூடாது. கேபிள் முனைகளை நீர் புகாத டேப்பால் சுற்றி, கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுவந்தால் அதன் வழியாக வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நம் ஊரில் சாரலே இந்த முனைகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

ஐந்தருவி சாலையிலுள்ள வெண்ணமடைக்குளத்தில் சீசன் காலத்தில் குடும்பம் குடும்பமாகப் படகில் போகிறார்கள். குளம் சிறியது என்பதால் பெரிய செட் தேவையில்லை. உரிமம் இல்லாமலே பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 446.0 – 446.2 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கி போதும். நீர் புகாத கருவியாக, ரோந்துப் படகில் ஒன்றும் டிக்கெட் கவுண்டரில் ஒன்றும் இருக்கட்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கீகாரம் இல்லாத செட்டுகளை வாங்கிவிடக் கூடாது; அவை காவல் துறை, தீயணைப்புத் துறை அலைவரிசையில் குறுக்கிட்டால் உதவி கேட்கும் குரலே கேட்காமல் போகும். இடி கேட்டால் படகுகளைக் கரைக்கு அழைக்கும் பொறுப்பும் அந்தக் கவுண்டரில் இருப்பவருக்கு எழுத்துமூலம் தரப்பட வேண்டும்.

மீட்புப் படகு செட்டின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. சமவெளியில், ஆன்டெனா படகில் இரண்டரை மீட்டர் உயரத்திலும் கரையில் 16 மீட்டர் உயரத்திலும் இருந்தால் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் வரை ரேடியோ நேர்ப்பார்வை உண்டு. இடையில் மலை வந்தால் அந்தக் கணக்கு உதவாது. எனவே பண்பொழி திருமலைக்கோவில் குன்று போன்ற உயரமான இடங்களில், உரிய துறைகளின் அனுமதியோடு ரிப்பீட்டர் அமைக்க முடியுமா என்று ஆய்வு செய்யக் கேட்டுக்கொள்கிறோம். கரையில் அமைக்கும் ஆன்டெனா கோபுரத்தை எர்த் இணைப்பும் இடிதாங்கியும் இல்லாமல் திறந்துவைக்க வேண்டாம்.

வெளியூர்களிலிருந்து வரும் மீனவர் படகுகளில் கடல் அலைவரிசை செட்டுகளே இருக்கும். தீயணைப்புத் துறையின் செட்டோடு அவை பேசா. மாவட்டத்தின் 1077 கட்டுப்பாட்டு அறையில் உபரி வாக்கி-டாக்கிகளைச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்து, வந்து சேரும் ஒவ்வொரு படகுக்கும் ஒன்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாலே இந்தச் சிக்கல் தீரும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, செப்டம்பர் இறுதிக்குள் மாவட்டத்திலுள்ள மீட்புப் படகுகள் அனைத்தையும் கூட்டுத் தணிக்கை செய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தணிக்கைக்கு எங்கள் தொழிலாளர்கள் கூலி வாங்காமல் வருவார்கள். மடக்கு ஆன்டெனா, ஃப்யூஸ் இணைப்பு இரண்டின் மாதிரியையும் செய்து வைத்திருக்கிறோம். தாங்கள் நேரம் ஒதுக்கினால் ஆட்சியர் அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: குற்றாலம்