கொப்பியைத் திறந்து வாசியுங்கள்

றக்வானையில் நாங்கள் கூடும் ஜெபவீட்டில் சென்ற மாதம் ஒரு சகோதரர் எழுந்து பேசினார். கூரைத் தகரத்துக்குச் சேர்த்த காசு எங்கே என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சு. அன்பு பாவத்தை மூடும். ஊழியர்மேல் கை வைக்கக்கூடாது. விஷயம் வெளியே போனால் நமது சாட்சி கெடும். இவைதான் அவர் சொன்ன மூன்றும். பலர் ஆமென் சொன்னார்கள். அன்றே எழுந்து மறுக்காமல் இருந்தது என் பிழை. இப்போது மறுக்கிறேன்.

அந்த அக்கா கொழுந்தெடுப்பவர். லயத்துப் பெண்கள் ஞாயிறுதோறும் கொடுத்த ஐம்பதையும் நூறையும் பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். பெயர், திகதி, தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. கேள்வி கேட்ட மறுவாரமே அவரை யூதாஸ் என்றார்கள். பணப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்தவன் யூதாஸ் என்று யோவான் எழுதியிருக்கிறார். வேதம் வாசிக்கிறவர்கள் அந்தப் பெயரைக் கணக்குக் கேட்டவர்மேல் போட்டது எப்படி?

மத்தேயு 18ஆம் அதிகாரம் சகோதரருக்கு மனப்பாடம். குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குச் சொல். இதுதான் இயேசு வைத்த ஒழுங்கு. தவறியவனுக்கு மூன்று முறை கதவு திறக்கிற இரக்கம் அதில் இருக்கிறது. அந்த அக்கா ஊழியரிடம் தனியாகப் போனார். பிறகு இரண்டு பேரோடு போனார். மூன்றாம் படியில் கால் வைத்தபோதுதான் அன்பைச் சொல்லி அவர் வாயை அடைத்தார்கள். சகோதரர் காப்பாற்றியது அன்பை அல்ல, ஓர் ஆளை.

ஊழியரைத் தொடக்கூடாதாம். அபிஷேகம் பெற்ற ராஜா சவுலைக் கொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தும் தாவீது கொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அதே தாவீது ராஜாவானபின் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டபோது, நாத்தான் அரண்மனைக்கே போய், குற்றவாளி நீர்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னான். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லார் முன்பாகவும் கண்டித்தார். கொலை செய்யாதே என்பதைக் கணக்குக் கேளாதே என்று மாற்றுவது வேதப் புரட்டு.

சாட்சி கெடும் என்ற பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு ஓடிய சனம் நாங்கள். சபரகமுவத் தோட்டங்களில் சிறு கூட்டமாக வாழ்கிறவர்களுக்கு ஊரார் வாயில் விழப் பயம் இருக்கும். ஆனால் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு யார் தப்பிக்கிறார் என்று பாருங்கள்.

சென்னையில் பிறந்து உலகமெங்கும் பிரசங்கித்த ரவி சக்கரியாஸை நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். 2017இல் ஒரு பெண் அவர்மேல் முறையிட்டபோது, அவர் அந்தப் பெண்மேலும் கணவர்மேலும் வழக்குப் போட்டார். வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு அது முடிந்தது. அவருடைய நிறுவனம் அவரையே நம்பியது. 2020 மே மாதம் அவர் இறந்தார். அடுத்த பெப்ரவரியில், நிறுவனமே அமர்த்திய சட்டத்தரணிகளின் அறிக்கை வந்தது. பல ஆண்டுகளாகப் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட கேவலம் அதில் இருந்தது. நீ வாய் திறந்தால் இலட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போவதற்கு நீயே பொறுப்பு என்று ஒரு பெண்ணை அவர் மிரட்டியதும் இருந்தது. சகோதரரே, சாட்சி கெடும் என்று நீங்கள் சொன்னதும் இதே பேச்சுத்தான். நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. 2017இல் முறையிட்ட பெண்ணை முதல் நாளே நம்பியிருந்தால் எத்தனை பேர் காயப்படாமல் இருந்திருப்பார்கள்!

ஊழியரை அடித்து விரட்டச் சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கடன் உண்டு என்றும் கேள்விப்படுகிறேன். கஷ்டத்தில் எடுத்திருந்தால் சபை முன் சொல்லட்டும், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டட்டும். அவர் வீட்டு அடுப்பு அணையாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம். இயேசு சகேயுவின் வீட்டில் போய்த் தங்கினார். சகேயுவோ எடுத்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். எடுத்ததை ஒத்துக்கொள்ளாத ஒருவரை நாங்கள் எதற்காக மன்னிப்பது?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒருவரும் எழும்ப வேண்டாம். அந்த அக்காவை முன்னால் கூப்பிட்டு, யூதாஸ் என்றதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அவர் கொப்பியை மேசையில் வைத்து, முதல் பெயரிலிருந்து சத்தமாக வாசியுங்கள்.