எண்ணலாகாப் பெயர்களும் ஒரு பொய் விதியும்

அன்கவுண்டபிள் நவுன் எனப்படும் எண்ணலாகாப் பெயர்களுக்கு முன்னே 'ஏ', 'ஆன்', 'தி' என்னும் ஆர்ட்டிகிள் எதுவும் வாராது என்னும் விதியை நம் ஆங்கில வகுப்புகள் வேதவாக்கியமாகப் போற்றி வருகின்றன. 'தி' போன்ற சொல்லொன்று தாய்மொழியில் இல்லாமையால் விதியையே கண்ணாகக் கொண்டு நடக்கவேண்டிய நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிலும் பெரிய அநீதியை ஓர் இலக்கணப் பாடம் இழைக்க இயலாது.

'தி'க்கும் எண்ணிக்கைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சொல்வோனும் கேட்போனும் இன்னதென்று ஒருங்கே அறிந்த பொருளைச் சுட்டுவதே அதன் தொழிலாதலின், பொதுவாகத் தண்ணீரைப் பேசுங்கால் 'வாட்டர்' என்று தனித்து நிற்கும் சொல், இந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று வரையறுத்த மாத்திரத்தில் 'தி வாட்டர் இன் திஸ் வெல்' என்று ஆகியே தீரவேண்டும். விதியை நம்பிய மாணவனோ அங்கேயும் 'தி'யை வெட்டி எறிகிறான்.

இனி, 'ஏ' என்பதைப் பற்றிய மட்டில், 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவை அதனை ஏலா என்பது மெய்தான். 'ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றே சொல்லவேண்டும். ஆனால் அவற்றை முன்னிட்டு எல்லாப் பெயர்க்கும் ஒரே தீர்ப்பு வழங்கலாகாது. 'ஏ நாலெட்ஜ் ஆஃப் தமிழ்', 'ஏ குட் எஜுகேஷன்', 'ஏ கிரேட் ஹெல்ப்' என்பன குற்றமற்ற ஆங்கிலமே. உலோகமாகிய 'அயர்ன்' ஆர்ட்டிகிளை வேண்டாது. 'ஆன் அயர்ன்' என்றாலோ துணி தேய்க்கும் பெட்டி. தலைமுடி முழுவதும் 'ஹேர்'. சோற்றில் கிடந்த ஒற்றை மயிர் 'ஏ ஹேர்'. எண்ணப்படுவதும் படாததும் சொல்லின் பிறவிக் குணம் அன்று. அவ்வவ்விடத்தில் அது கொண்ட பொருளின் குணம். டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட நூலிலேயே, ஒரே சொல் இருவகையாகவும் நிற்பதை விளக்கியிருக்கிறார். ஆங்கிலம் பயில்வோருக்கென்றே அகராதியாசிரியர் ஹார்ன்பி தொகுத்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அகராதியும் பல பெயர்களுக்கு எண்ணப்படுவது, எண்ணப்படாதது என்னும் இரு குறிகளையும் இட்டுக் காட்டுகிறது.

இத்தனையும் இருக்கப் பொய் விதி சாகாதிருப்பதற்குக் காரணம், என் கருத்தில், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பரீட்சை வினாவே. முன்பின் தொடர்பின்றித் தனி வாக்கியம் ஒன்றைத் தந்து, 'ஐ லைக்' என்பதற்கும் 'மியூசிக்' என்பதற்கும் இடையே என்ன வரும் என்று கேட்கிறார்கள். சங்கீதம் பொதுவாக எனக்குப் பிடிக்கும் எனின் ஒன்றும் வாராது. இப்போது கேட்கும் இந்தச் சங்கீதம் பிடித்திருக்கிறது எனின் 'தி' வரும். இரண்டும் சரியான விடைகள். அவற்றுள் ஒன்றுக்கு மதிப்பெண் வழங்கி மற்றதைச் சிவப்பு மையால் அடிப்பவர், பிழையற்ற ஆங்கிலம் எழுதிய பிள்ளையைத் தண்டிக்கிறார்.