அம்மாவுக்கு மட்டும் ஏன் லீவு இல்லை?



2020ஆம் வருடம் மே தினத்துக்கு நாம் ஊர்வலம் போகவில்லை. லொறியில் ஏறவில்லை, கொடி பிடிக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, பொழுது சாய வீடு திரும்பவும் இல்லை. மே தினம் நமக்கு உரிமை கேட்கும் நாள். அதோடு, குடும்பமாகத் தோட்டத்தை விட்டு வெளியே போகிற சில நாட்களில் அதுவும் ஒன்று. அதுவும் கைவிட்டுப் போய்விட்டது. மேடையில் பேசியிருக்க வேண்டியதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம்.

மாசி மாதம் நம் தோட்டங்களில் காமன் கூத்து ஆடினோம். ஆடி முடித்த களைப்பு ஆறுவதற்குள், மார்ச் இரண்டாவது வாரத்தில், நம் நாட்டவர் ஒருவருக்குக் கொரோனா என்று செய்தி வந்தது. மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் விழுந்தது. வெளியே வராதீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் மாறி மாறிச் சொல்லின.

பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள், ஊரடங்கு தளர்ந்த ஒரு நாளில், பயிற்சித் தாள்களை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனோம். ஒரு லயத்து வாசலில் நாலாம் தரத்துப் பிள்ளை ஒன்று, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றது. தாளை வாங்கிக்கொண்டு கேட்டது: "சேர், எல்லாரும் வீட்டுல இருங்கன்னு டீவியில சொல்றாங்க. எனக்கும் ஸ்கூல் இல்ல. அப்பா கொழும்புல கடைய பூட்டிட்டு ரூம்லயே இருக்காரு. அம்மாவுக்கு மட்டும் ஏன் லீவு இல்ல?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். ஊரடங்கிலும் தேயிலை வேலைக்கு அனுமதி இருந்ததால்தான் நம் அடுப்பு எரிந்தது. இந்தியாவில் மார்ச் 25ஆம் திகதி நாட்டையே பூட்டியபோது, அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தோட்டங்கள் பல நாள் மூடிக் கிடந்தன. டார்ஜிலிங்கில் வருடத்தின் முதல் கொழுந்தே வீணாகப் போனது. அங்குள்ள தொழிலாளி கூலிக்கு என்ன செய்வது என்று தவித்தான். கொழும்பில் நாட்கூலிக்கு இருந்த நம் பிள்ளைகளும் அதே தவிப்பில் கிடந்தார்கள். ஆகவே வேலை நடந்ததே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலைக்கு மட்டும் வழி தேடிய அக்கறை, வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பாருங்கள். 1883இல் தொடங்கிய ஏலம் அது. அத்தனை வருடமும் ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடி, குரல் கொடுத்து விலை பேசியது. நோய் வந்து மார்ச்சில் அது நின்றது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே, சரித்திரத்தில் முதன்முறையாக, கணினி வழியாக ஏலம் நடந்துவிட்டது. நூற்று முப்பத்தாறு வருடப் பழக்கத்தைச் சில வாரத்தில் மாற்ற முடிந்திருக்கிறது. ஆனால் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு சவர்க்காரக் கட்டியும் வைக்க, பல தோட்டங்களில் தலைவரும் தலைவியும் பல தடவை போய்க் கேட்க வேண்டியிருந்தது. பெரட்டுக் களத்தில் ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். நிறுவைக்கு வரும்போது கொழுந்துச் சாக்குகளோடு முண்டியடித்துத்தான் நின்றோம். முகக்கவசம் கிடைக்காத இடங்களில் பழைய சேலையைக் கிழித்துத் தைத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள் நம் பெண்கள்.

தேயிலைக்கு நட்டம் வந்தால் கணக்கெழுத ஆள் உண்டு. நம் குடும்பங்களுக்கு வந்த நட்டத்தைக் கணக்கெழுத ஆளில்லை. நாமே எழுதுவோம்.

பங்குனியும் சித்திரையும் நமக்கு எப்படிப்பட்ட மாதங்கள்? மாதாமாதம் செக்ரோலில் கோயிலுக்கென்று வெட்டுகிற காசு சேர்ந்து, திருவிழாவாக மாறுகிற காலம் அது. கரகம் பாலிக்க, காவடி தூக்க, தேர் இழுக்க ஆள் வேண்டும். அதனால் கொழும்புக் கடையிலும் பங்களாவிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இருக்கிற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேறு தோட்டத்துக்கு வாழப்போன பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். பேரப்பிள்ளையைப் பாட்டி முதன்முதலாகத் தூக்கிப் பார்ப்பதும் அப்போதுதான். சம்பந்தம் பேசுவதும் அப்போதுதான். முறுகிய அண்ணன் தம்பி மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டு மறுபடி பேசத் தொடங்குவதும் அப்போதுதான்.

திருவிழா முடிந்தால் ஒரு பயணம். வருடம் முழுவதும் சீட்டுப் பிடித்த காசில், நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன். விடிய முன்பே புளிச்சோறு கட்டியாகிவிடும். சீதா எலிய கோயிலில் கும்பிட்டு, ஹக்கலைப் பூங்காவைப் பார்த்து, நுவரெலியாவில் கிறகரி வாவிக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குதிரையில் ஏற வேண்டும் என்று பிள்ளை அழும். காசைக் கேட்டுவிட்டு, குதிரைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவோம். சிலர் சிவனொளிபாதமலைக்குப் போவார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சுத்தான் வீட்டில். பாடசாலையில் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் எழுதுவது இந்த ஒரு நாளைத்தான்.

அந்த வருடம் தேர் கொட்டகையிலேயே நின்றது. பூசகர் மட்டும் விளக்கேற்றினார். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த விழா நடக்கவில்லை. மலைக்கு யாத்திரிகர் வரவு நின்றதால், நல்லதண்ணியில் கடை போட்டவர்களும் பாரம் சுமந்தவர்களும் முதலைக் கூட எடுக்கவில்லை. சித்திரை வருடப் பிறப்பன்று ஒரு காம்பராவில் பொங்கல் வைத்துவிட்டு, கொழும்பில் இருக்கிற மகனுக்குத் தொலைபேசியில் காட்டிய தாய்மார்களை நாங்கள் அறிவோம்.

இதெல்லாம் பெரிய நட்டமா, உயிர் பிழைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஆறு நாள் மலையில் நிற்கிறவளுக்கு, ஏழாம் நாள் விறகும் துணியும் காத்திருக்கும். கணவன் ஓரிடம், மூத்தவன் ஓரிடம், மகள் ஓரிடம் என்று பிழைப்புக்காகப் பிரிந்து கிடக்கிற குடும்பம் நம்முடையது. அது குடும்பமாகக் கூடுவதே இந்த நாலைந்து நாளில்தான். வசதி உள்ளவனுக்கு ஒரு பயணம் தள்ளிப் போனது. நமக்கு ஒரு வருடக் குடும்ப வாழ்க்கையே போனது.

வீட்டில் இருங்கள் என்றார்களே, எந்த வீட்டில்? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறு பேர். பக்கத்து வீட்டு இருமல் கூரை வழியாக நம் வீட்டுக்குள் கேட்கிறது. ஒரு பீலித் தண்ணீரில் லயம் முழுவதும் கை கழுவ வேண்டும். ஒருவருக்கு நோய் வந்தால் தனி அறை எங்கே இருக்கிறது? ஏழு பேர்ச்சில் தனி வீடு என்று நாம் கேட்டபோது அதைச் சலுகையாகப் பேசினார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மேடையில், ஏற்கெனவே சொன்ன 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். நாமும் கை தட்டினோம். தனி வீடு என்பது சுகாதார வசதி என்று இந்தக் கொரோனா இப்போது எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்த வேலையை விரைவுபடுத்தச் சொல்லிக் கேட்க இதைவிடத் தகுந்த நேரம் இல்லை.

பிள்ளைகளின் படிப்பையும் சொல்ல வேண்டும். வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி; அது அப்பாவோடு கொழும்பில். இன்னொரு வீட்டில் தொலைபேசி உண்டு, ரீலோட் போடக் காசில்லை. மற்றொரு வீட்டில் இரண்டும் உண்டு. சிக்னலுக்குத் தேயிலை மலை உச்சிக்கு ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளை மடுவமும் பூட்டப்பட்டதால், பத்து வயது அக்காள்தான் கைக்குழந்தைக்குத் தாய். இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி பாடசாலைக்கு வருவார்கள் என்பதே எங்கள் பெரிய கவலை.

நல்லதும் ஒன்று நடந்தது. அதையும் மறைக்கக் கூடாது. சாராயக் கடைகள் பூட்டிக் கிடந்த நாட்களில், பல வீடுகளில் சம்பளம் வீட்டிலேயே நின்றது. பொழுது சாய்ந்ததும் தகப்பன் வாசலில் பிள்ளைகளோடு கரம் போர்ட் விளையாடியதைப் பார்த்தோம். சில இடங்களில் கசிப்பு காய்ச்சி அந்த நல்லதையும் கெடுத்தார்கள். கடை திறந்த பிறகும் அந்தக் கரம் போர்ட் வாசலிலேயே இருக்க வேண்டும். அதற்கு எந்த நிருவாகத்திடமும் மகஜர் கொடுக்க வேண்டியதில்லை.

நம்மைப் பற்றியே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரடங்குக்கு முன்னும் பின்னும் கொழும்பிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த பிள்ளைகளை நாம் எப்படி வரவேற்றோம்? 14 நாள் தனித்திருக்கச் சொன்னது சரி. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்ததும் சரி. ஆனால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்தது சரியா? 'கொரோனா வீடு' என்று பேர் வைத்து, அந்தத் தாயைக் கொழுந்து நிரையில் தள்ளி நிற்க வைத்தது சரியா? நம் பாட்டன் பூட்டன் இந்த மண்ணுக்கு வருமுன், கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் முகாமில் அடைத்து வைக்கப்பட்டார்கள். உடுத்திய துணியை நீராவியில் போட்டு, ஊசி குத்தி, நோயில்லை என்று பார்த்த பிறகுதான் தலைமன்னாருக்கு ஏற்றினார்கள். மனிதனாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்தார்கள். அந்த வலியில் பிறந்த சனங்கள் நாம். போன வருடம் வரை அந்தப் பையன் அனுப்பிய காசில்தான் கோயில் கூரை போட்டோம். இன்று அவனுக்குத் தண்ணீர் மறுத்தால் தேர் இழுக்க நமக்கு என்ன தகுதி?

ஆகவே தோழர்களே, 2020 மே தினத்தில் நாம் கேட்டவை இவை. ஒவ்வொரு பெரட்டுக் களத்திலும் நிறுவை மடுவத்திலும் தண்ணீரும் சவர்க்காரமும் வைக்க வேண்டும். முகக்கவசத்தை நிருவாகமே கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவம் பூட்டியிருக்கும்வரை, கைக்குழந்தை உள்ள தாய்க்குப் பேர் வெட்டக் கூடாது. மார்ச் முதலாம் திகதியிலிருந்து 1,000 ரூபா என்று தைப்பொங்கல் காலத்தில் அறிவித்தார்கள்; மார்ச்சும் போய் ஏப்ரலும் போன பிறகும், அடிப்படைச் சம்பளம் அப்போது அதே 700 ரூபாவாகத்தான் இருந்தது. அறிவித்ததைக் கொடுக்க வேண்டும். அரசாங்கத்தின் 5,000 ரூபா கொடுப்பனவில், தோட்டத்தில் வேலை இருக்கிறதே என்று சொல்லி நம் குடும்பங்களை ஒதுக்கக் கூடாது. செக்ரோலில் பேர் இல்லாதவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். கொழும்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பரிசோதித்து, முறையாக ஊருக்கு அழைத்துவர வேண்டும். தள்ளிப்போன திருவிழா நடக்கிறபோது, அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. லயத்துக்கு ஒருவராக, உயர்தரம் படித்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுங்கள். நாலைந்து பேருக்கு மேல் கூட்டாதீர்கள். தாள்களை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம். தனித்திருக்கிற வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீரும் ஒரு நேரச் சோறும் வாசலில் வையுங்கள்.

நாலாம் தரத்துப் பிள்ளைக்கு இனிப் பதில் சொல்கிறோம். மகளே, உங்கள் அம்மா போகாவிட்டால் இந்த நாட்டுக்கு டொலர் வராது. அதனால்தான் அம்மாவுக்கு லீவு இல்லை. அவ்வளவு பெரிய வேலை செய்கிற அம்மாவுக்கு நல்ல வீடும், நல்ல சம்பளமும், உன்னோடு கிறகரி வாவிக்கரையில் உட்காருவதற்கு ஒரு நாளும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் சங்கம் இருக்கிறது. அடுத்த மே தினத்துக்கு அம்மாவோடு நீயும் வா.